கித்தாக் காட்டுப் பனையேறி

சுங்கை பட்டாணி காலைச் சந்தையில் கங்கோங் கீரைக்கும் பெத்தாய்க் கொத்துக்கும் நடுவே ஒரு மலாய்க்கார அம்மா அலுமினியக் குண்டானை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குண்டானுக்கு ஒரு மூடி, மூடியின்மேல் அரைச் செங்கல். உள்ளேயிருந்து டொக் டொக்கென்று முட்டும் சத்தம். கீரை வாங்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

“புயூ, பாக்சிக்,” என்றார் அந்த அம்மா.

“பனையேறி,” என்றது என் வாய்.

பக்கத்தில் தௌகே வாங்கிக்கொண்டிருந்த தமிழ்ப் பையன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். “என்னா அங்கிள் சொன்னீங்க?” என்றான். மீன் பெயர் என்றேன். “மீனு பனமரம் ஏறுமா?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்குப் பனை என்றால் செம்பனைதான். கூலிமிலிருந்து குரூண் வரை சாலையின் இரண்டு பக்கமும் அவன் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் மரம் அது ஒன்றுதானே.

எனக்கும் சின்ன வயதில் பனை தெரியாது. எங்கள் தோட்டம் பீடோங்குக்கும் குரூணுக்கும் இடையில், மேற்கே ஜெராய் மலை தெரியும்படி இருந்தது. மலை உச்சியில் மேகம் உட்கார்ந்தால் மழை வரும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கிற கிராணியார்கூட முதலில் மலையைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைய வேலையைச் சொல்வார். தோட்டத்து வீட்டு வரிசைகளான லயங்களுக்குப் பின்னால் ஒரு அலூர். மழைத்தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்கால். அது பால்மரக் காட்டுக்குள் புகுந்து, வளைந்து, தோட்டத்து எல்லைக்கு அப்பால் மலாய்க் கம்பத்து வயல்களில் போய் விழும். மரமென்றால் எங்களுக்கு ரப்பர். ஊர் எல்லைக்குக் கோயிலடி அரசமரம். கள்ளுக்கடைக்குப் பின்னால் கொஞ்சம் தென்னை. பனை என்பது அப்பாவைப் பெற்ற அப்பாயி வாயில் மட்டும் வளர்ந்த மரம்.

தைப்பூசம் கழிந்து மாசி பங்குனியில் கெடாவில் வெயில் கொளுத்தும். ரப்பர் மரம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும், சீனர் கடைக் கணக்குப் புத்தகம் மட்டும் தடிக்கும். அலூர் வற்றிச் சேறாகி, சேறு வெடித்துப் பாளம் பாளமாகிவிடும். பிறகு ஏப்ரலில் ஒரு நாள் சாயங்காலம் ஜெராய் கறுக்கும். இரவெல்லாம் தகரக் கூரையில் மழை. மறுநாள் இருட்டோடு பால் வெட்டப் போகிறவர்கள் தலைவிளக்கு வெளிச்சத்தில் செம்மண் சாலையைப் பார்த்தால் அங்கே மீன் நடந்துகொண்டிருக்கும்.

நடப்பது என்றுதான் சொல்லவேண்டும். செவுள்மூடி இரண்டையும் விரித்து, அதன் ஓரத்து முள்ளைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடுத்த பக்கமாகச் சாய்ந்து, சாலையின் இந்தப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து அந்தப் பக்கத்துப் பள்ளத்துக்குப் போகும். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். பாசிக்கறுப்பு நிறம், தடித்த செதில். இலங்கையில் லேயர்ட் என்ற வெள்ளைக்காரர், நண்பகல் வெயிலில் புழுதிச் சாலையில் இவை கூட்டமாகப் போவதைக் கண்டதாக எழுதி வைத்திருக்கிறார். நண்பகலை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் மீன்கள் விடிகாலையில் போகும், பெரட்டுக்குப் போகிறவர்களோடு சேர்ந்து.

அம்மா வாளியோடு போவாள், வேலைக்கு முன்னாலேயே அடிவாளியில் நாலைந்து மீன் கிடக்கும். பத்து மணிக்குப் பால் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோகும்வரை அவற்றை ஒரு ஈரச் சாக்கில் போட்டு மரத்தடியில் வைத்திருப்பாள். மத்தியானம் வீட்டுக்கு வரும்போதும் உயிரோடு இருக்கும். செவுளுக்கு மேலே தலைக்குள் இந்த மீனுக்குத் தனியாக ஓர் அறை உண்டு. அதில் மடிப்பு மடிப்பான எலும்புத் தகடும் அதன்மேல் இரத்தக்குழாய் நிறைந்த தோலும். காற்றை அப்படியே விழுங்கி அதில் வைத்து மூச்சு விடும். தண்ணீருக்கு மேலே வரவிடாமல் தடுத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகிற மீன் அது. இதெல்லாம் பின்னால் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிக்கும்போது தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், சாம்பல் போட்டுக் கல்லில் எவ்வளவு உரசினாலும் சுலபத்தில் செதில் வராது, முள் அதிகம், ஆனால் பிளிம்பிங் காய் போட்டு வைத்த குழம்பு மறுநாள் காலை பசியாற வைத்திருந்தால் தோசைக்கு அதைவிட்டால் வேறில்லை என்பதுதான்.

அந்த மீனைப் பனையேறி என்று எங்கள் லயத்தில் சொன்னவர் அப்பாயி ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் புயூ. அப்பாவே புயூ என்பார். அப்பாயிக்கு அது பொறுக்காது. “வாய்ல நல்லா வருதாடா அது? பூயி, காயின்னு. அதுக்குன்னு பேரு இல்லியா?” என்பார்.

தரங்கம்பாடியிலிருந்து நடை தூரத்தில் அவர் ஊர். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்பு, தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர். மேல்தட்டில் வெயிலும் மழையும், கீழே வாந்தி நாற்றம். ஜெரெஜாக் தீவில் இறக்கித் துணியையெல்லாம் ஆவியில் வேகவைத்து, அம்மை வந்திருக்கிறதா என்று பார்த்து, பிறகு பிறையிலிருந்து ரயிலேற்றி பீடோங்கில் விட்டார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமும் இருக்காது, பெருமையும் இருக்காது. வந்த மறுவாரம் அலூரில் துணி அலசப் போனபோது இந்த மீனைப் பார்த்ததைச் சொல்லும்போதுதான் குரல் மாறும். கண்ணுக்குத் தெரிந்த முதல் சொந்தக்காரர் அதுதானாம். “நம்மூரு பனையேறிடா! நான் கப்பல்ல வந்தேன். இது எதுல வந்துச்சுன்னு தெரியல.”

மீன் விற்க வருகிறவரோடு அப்பாயிக்கு இருந்த பேச்சுவார்த்தை தனிக்கதை. தஞ்சோங் டாவாயிலிருந்தும் கோல மூடாவிலிருந்தும் மீனெடுத்து, சைக்கிள் பின்னால் பெட்டி கட்டி, ஊதுகுழல் அமுக்கிக்கொண்டு வருவார் ஒரு முஸ்லிம் பெரியவர். ‘மீன் பாய்’ என்றால் தோட்டம் முழுக்கத் தெரியும். கோல மூடாவில் ‘பாசார் பீசிக்’ என்று ஒரு மீன் சந்தை உண்டு, இன்றும் நடக்கிறது. படகு கரைக்கு வந்ததும் மீன் கூடையைச் சுற்றி எல்லாரும் நிற்பார்கள். ஏலத்தைக் கூவ மாட்டார்கள். வாங்குகிறவன் ஒவ்வொருவனும் விற்கிறவன் காதில் தன் விலையை மட்டும் முணுமுணுத்துவிட்டு விலகுவான். எல்லா முணுமுணுப்பையும் கேட்டுவிட்டு, அதிகம் சொன்னவன் பெயரை விற்கிறவன் சொல்லுவான், அவ்வளவுதான். மீன் பாய் அந்தப் பழக்கத்தை லயத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். கங்காணி வீட்டம்மாவுக்கு ஒரு விலையைக் காதில் சொல்வார், எங்கள் அம்மாவுக்கு ஒரு விலை. இரண்டு பேரும் குழாயடியில் சந்தித்து ஒப்பிட்டுப் பார்க்கும்வரை ஒவ்வொருத்தியும் தனக்குத்தான் மலிவாகக் கொடுத்தார் என்று நம்பிக்கொண்டிருப்பாள்.

அவர் கெம்போங் என்பார், அப்பாயி கானாங்கெளுத்தி என்பார். அவர் தெங்கிரி என்றால் இவர் வஞ்சிரம். ஹாருவானுக்கு விரால்; பிள்ளை பெற்றவளுக்குப் புண் ஆற அதைத்தான் கொடுக்கவேண்டும் என்பதில் மட்டும் மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒரே கட்சி. அவர் பாவால் என்று ஒன்றை எடுத்துக் காட்ட, அப்பாயி வாவல் என்று வாங்கிக்கொள்வார். யாரும் யாரையும் திருத்தியதில்லை. ஆனால் அலூர் மீனுக்கு விலை கிடையாது, பாய் அதை விற்கவும் மாட்டார். அதனாலேயோ என்னவோ, கடல் மீன்கள் எல்லாவற்றுக்கும் அப்பாயி நாளடைவில் பாய் சொன்ன பெயரையே சொல்லப் பழகிக்கொண்டார். பனையேறியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

பெயருக்குக் காரணமும் வைத்திருந்தார். மழைக்காலத்தில் குளத்தங்கரைப் பனையில் தண்ணீர் ஒழுகி வருமாம். அதைப் பிடித்துக்கொண்டே இந்த மீன் மேலே ஏறுமாம். உச்சியில் கலயத்தில் கள் இருக்கும். குடித்துவிட்டு, ஏறின வழி தெரியாமல் பொத்தென்று விழுமாம். “பொழுது விடிஞ்சு பாத்தா பனையடியில கெடக்கும், வாய தொறந்துக்கிட்டு. நம்ம கள்ளுக்கட வாசல்ல கெடக்கறானுங்களே, அது மாதிரி.”

என் பெரியப்பா மகன் இதைச் சும்மா விடவில்லை. கேள்விப்பட்டதைச் செய்து பார்த்துவிட வேண்டும் அவனுக்கு. ஒரு மழைநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், இரண்டு மீனை டின்னில் போட்டுக்கொண்டு எங்களை எல்லாம் தீம்பாருக்குள், ரப்பர் மரங்களுக்கு நடுவே, கூட்டிப் போனான். பழைய மரம், பட்டை சொரசொரப்பாக இருக்கும், அதில் ஏறும் என்பது அவன் கணக்கு. ஈரப் பட்டையில் மீனை வைத்தான். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மீன் விழவில்லை. செவுளை விரித்துப் பட்டையில் முள்ளைக் கொளுவிக்கொண்டு தொங்கியது. வாலை ஒரு பக்கமாக மடக்கி ஒரு உதறு உதறியது. மேலே போன மாதிரியும் இருந்தது, போகாத மாதிரியும் இருந்தது. பிறகு நழுவி, வெட்டுக்கோட்டில் பட்டு, நேராகப் பால் மங்குக்குள் விழுந்தது. மூஞ்சியெல்லாம் வெள்ளைப் பாலோடு அது துள்ள, மரத்துக்கார அக்கா எங்கிருந்தோ பார்த்துவிட்டுக் கத்த, ஓட்டம் பிடித்தோம். இரண்டாவது மீன் டின்னோடு அங்கேயே நின்றுவிட்டது.

அன்று ராத்திரி அப்பாயியிடம், ஏறவில்லை என்று சொன்னோம். “பால் மரத்துல எப்படிடா ஏறும்? பனையில வுட்டுப் பாரு,” என்றார். பனைக்கு எங்கே போவது? அத்தோடு வழக்கு முடிந்தது.

இந்த மீனை வைத்து அவர் எங்களைப் பயமுறுத்தியதும் உண்டு. அதில் கற்பனை கிடையாது. தூண்டிலில் ஒன்று சிக்கினதும் இரண்டு கையும் வேண்டுமென்று மீனைப் பல்லில் கவ்விக்கொண்டு அடுத்த புழுவைக் கோப்பது பையன்கள் வழக்கம். பனையேறியை அப்படிக் கவ்வக்கூடாது. ஒரு நழுவு நழுவித் தொண்டைக்குள் போனால் செவுளை விரித்துக்கொள்ளும். முள் பின்பக்கமாகப் பார்த்திருப்பதால் இழுத்தால் வராது. தமிழ்நாட்டிலும் வங்காளத்திலும் பர்மாவிலும் இப்படி இறந்தவர்கள் உண்டு, மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. செவ்வெறும்பு முட்டையைத் தூண்டிலில் கோத்து உட்கார்ந்திருக்கிற நாட்களில் அப்பாயி பின்வாசலிலிருந்து கூவுவார்: “வாய்ல வைக்காத! வாய்ல வைக்காத!” அந்தக் குரலுக்கே மீன் ஓடிவிடும் என்று நாங்கள் எரிச்சல்படுவோம்.

ஜப்பான் காலத்தைப் பற்றிக் கேட்டால் மரவள்ளிக்கிழங்கும் பனையேறியும்தான் என்பார். அரிசி கிடையாது, உப்பு கிடையாது, துணி கிடையாது. தாத்தாவைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மீன்காரர் வருவதும் நின்றுபோனது. அலூர் மீனைப் பிடித்துக் குண்டானில் தண்ணீர் விட்டு மூடி, மேலே கல் வைத்துவிட்டால் வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். கெடாது, நாறாது. பக்கத்துக் கம்பத்து வீடுகளில் தண்ணீர்த் தாழிக்குள் எப்போதுமே ஒரு புயூ இருக்கும். கொசுப்புழுவைத் தின்னும், செய்வினை அண்டாது என்பார்கள். அப்பாயியும் அப்படி ஒன்றை விட்டுவைத்திருந்தாராம், தாத்தா திரும்பி வரும்வரை சமைப்பதில்லை என்று. அவர் திரும்பி வந்தார், உடம்பில் பாதியாக. மீனை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “வேற என்ன, அவருக்குத்தான் கொழம்பு வெச்சேன்,” என்றார்.

அப்பாயி படுக்கையில் விழுந்த கடைசிக் காலத்தில்தான் இன்னொன்று வெளியே வந்தது. அவருடைய அப்பா பனையேறுகிறவர். கால்களில் தளைக்கயிறு, இடுப்பில் அரிவாள் பெட்டி, மார்பெல்லாம் பட்டை தேய்த்துக் காய்ப்பு. ஊரில் அந்தத் தொழில்காரர்களைப் பனையேறி என்றேதான் கூப்பிடுவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். தோட்டத்துக்கு வந்தபிறகு, யார் என்ன சாதி, என்ன தொழில் என்று துருவிக் கேட்கிற வாய்கள் லயத்துக்கு லயம் இருந்தன. அப்பாயி அத்தனை வருஷமும் ‘வெவசாயம்’ என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். மீன் பெயரை மட்டும் யாரும் சந்தேகப்பட முடியாது. நாளுக்கு நாலு தரம் அந்தச் சொல்லை வாய்நிறையச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், எங்களுக்குத்தான் புரியவில்லை.

வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின், கிடைத்ததைப் படித்துக்கொண்டிருந்தபோது தரங்கம்பாடி கண்ணில் பட்டது. 1620-லிருந்து 1845 வரை அது டேனிஷ்காரர்களின் கோட்டை ஊர். அங்கே டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியில் தால்டார்ஃப் என்று ஒரு லெப்டினன்ட் இருந்தார். பூச்சி, புழு, மீன் எல்லாவற்றிலும் ஆசை. 1791-இல் குளத்தோரத்துப் பனை ஒன்றின் ஈரப் பொந்திலிருந்து இந்த மீனை அவர் எடுத்தார். ஐந்தடி உயரத்தில், இன்னும் மேலே போகத் தவித்துக்கொண்டிருந்ததாம். செவுள்மூடியின் முள்ளால் தொங்கிக்கொண்டு, வாலை இடப்பக்கம் மடக்கி, அடித்துடுப்பின் முள்ளைப் பட்டையில் ஊன்றி உந்தியதாம். லண்டன் லின்னேயன் சங்கத்து ஏட்டில் அது 1797-இல் அச்சானது. அதைப் படித்தபோது என் பெரியப்பா மகனின் மழைநாள் அப்படியே எழுந்து வந்தது. வாலை மடக்கியது உட்பட.

தால்டார்ஃப் அதற்கு வைத்த இலத்தீன் பெயர் ‘பெர்கா ஸ்கான்டென்ஸ்’. ஏறுகிற மீன் என்று பொருள். அதே ஊரில் ஜான் என்ற பாதிரியார் மீன்களைப் பிடித்துச் சாராயத்தில் போட்டு, பெர்லினில் மார்க்கஸ் பிளாக் என்ற வைத்தியருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நன்றிக்காக ஒரு கத்தாளை மீன் பேரினத்துக்கே ‘ஜானியஸ்’ என்று பெயர் வைத்தார் பிளாக். அது இன்றும் நிற்கிறது. நம் மீனுக்கு அவர் 1792-இல் சூட்டியது ‘டெஸ்டுடினியஸ்’, ஆமையைப் போன்றது. தலையில் தகடுபோல இருக்கும் ஓட்டைப் பார்த்து வைத்திருப்பார். பிறகு பாரிஸில் குவியே, கிரேக்கத்தில் ‘ஏறு’ என்ற சொல்லை எடுத்து ‘அனபாஸ்’ என்று இனப்பெயர் கொடுத்தார். இரண்டும் சேர்ந்து அனபாஸ் டெஸ்டுடினியஸ். வங்காளி கோய் என்கிறான், சிங்களவர் காவையா, இந்தோனேசியர் பெத்தோக். அவற்றில் ஏறுவது எதுவும் இல்லை. தரங்கம்பாடிப் பக்கத்துக் குளத்தங்கரைக்காரர்கள் சொன்ன பெயர்தான் இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் போயிருக்கிறது. அதே பெயர் ரஜூலா கப்பலின் மேல்தட்டில் வாந்தியெடுத்துக்கொண்டே கெடாவுக்கும் வந்திருக்கிறது. இந்த இரண்டாவது பயணத்தைத்தான் யாரும் எழுதவில்லை.

கள் குடித்த கதையும் அப்பாயி கட்டியதில்லை என்று தெரிந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில், 851 வாக்கில், இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போய்வந்த அரபு வணிகர்களின் குறிப்பு ஒன்றில் வருகிறது: தண்ணீரை விட்டு வெளியேறித் தென்னையில் ஏறி, அதன் சாற்றைக் குடித்துவிட்டுத் திரும்பும் மீன். ஆயிரத்து நூறு வருஷம் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது பாவம். 1947-இல் பீடோங் சுற்றுவட்டாரத்தில் தொண்டர் படைக்காரர்கள் கள்ளுக்கடை மறியல் செய்து போலீசிடம் அடி வாங்கிய நாட்களில் இது வெளியே தெரிந்திருந்தால் இதையும் நிறுத்தி வைத்து உறுதிமொழி வாங்கியிருப்பார்கள்.

பி. கே. தாஸ் என்ற இந்திய விலங்கியல் அறிஞர் 1927-இல் எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டார். சாலையைக் கடக்கும் மீனைக் காக்கையும் பருந்தும் கொத்திக்கொண்டுபோய்ப் பனை மட்டை இடுக்கில் வைக்கின்றன. சாகாத மீன் அங்கே துடிக்கிறது. கீழேயிருந்து பார்க்கிறவன் ஏறியதாக நினைக்கிறான் என்றார். நியாயமான விளக்கம். இன்று விலங்கியல் புத்தகங்கள் இதைத்தான் சொல்கின்றன. ஐந்தடி உயரத்தில், கண்ணெதிரே, வாலை இடப்பக்கம் மடக்கியது என்று எழுதின தால்டார்ஃபை அதனால் முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. மழை ஒழுகுகிற பட்டையில் அது கொளுவிக்கொண்டு தொங்கியதை நானும்தான் பார்த்திருக்கிறேன். உச்சிக்குப் போனதா என்பது வேறு கேள்வி.

எங்கள் ஊர் மேடைகளில் கெடாவின் பழைய பெயரான கடாரத்தைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. கல்யாணமோ கருமாதியோ, ஒலிபெருக்கி கையில் கிடைத்தால் 1025-இல் ராஜேந்திர சோழன் கப்பல் விட்டான் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன்பே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினான், அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான் என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. போய்வந்த கப்பல்களில் மன்னர்கள் மட்டும் இருந்திருக்க மாட்டார்கள். மெர்போக் ஆற்றில் படகு கட்டிவிட்டு, பூஜாங் பள்ளத்தாக்கில் செங்கல் அடுக்கிக் கோயில் எழுப்பின கூலியாட்கள் மழை விட்ட காலையில் சாலையில் நடந்துபோன மீனைப் பார்த்து என்ன பெயர் சொல்லியிருப்பார்கள் என்று யோசிப்பேன். மேடையில் இதைப் பேசினால் ஒலிபெருக்கியைப் பிடுங்கிவிடுவார்கள்.

அந்த மீன் இப்போது குறைந்துவிட்டது. குவார் செம்படாக்கில் எங்கள் அத்தை வீட்டைத் தாண்டினால் வயல்தான், கண்ணுக்கெட்டிய தூரம். மூடா நீர்ப்பாசனத் திட்டம் வருவதற்கு முன் அங்கே வருஷத்துக்கு ஒரு போகம். வயல் மூலையில் விவசாயிகள் ஒரு குழி வெட்டிவைத்திருப்பார்கள். அறுப்புக்கு முன் தண்ணீர் வடியும்போது புயூ, ஹாருவான், செப்பாட், கெலி எல்லாம் அதில் ஒதுங்கும், அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். மிஞ்சியதை உப்பும் வறுத்த அரிசியும் போட்டு ஊறவைத்தால் பெக்காசாம். பெடு, மூடா என்று இரண்டு அணைகள் எழும்பி, 1970-க்குப் பிறகு ஏறக்குறைய ஒரு லட்சம் ஹெக்டேரில் இரண்டு போகம் வந்தது. நெல் வந்தது, வீட்டுக்குக் கல் சுவர் வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது. அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது, அத்தை வீட்டுப் பிள்ளைகள் அந்த நெல்லில் படித்தவர்கள். பூச்சிமருந்தும் வந்தது. இரண்டு போகத்துக்கும் நடுவே மீன் குஞ்சு பொரித்து வளர நேரம் போதவில்லை. குழிகள் தூர்ந்தன.

எங்கள் அலூரின் கதை வேறு. ரப்பர் விலை இறங்கியதும் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். லயத்துச் சனம் டவுன் பக்கம் நகர்ந்தது. பிறகு செம்பனையையும் வெட்டி வீடமைப்புத் தாமான் கட்டினார்கள். அலூர் சிமெண்டு லொங்காங் ஆகிவிட்டது. அதில் நடக்க மீனுக்கு ஒரு கரைகூட இல்லை. சந்தையில் அந்த அம்மா விற்றதும் குளத்தில் தீனி போட்டு வளர்த்ததுதான், அவரே சொன்னார். இரண்டு கிலோ வாங்கினேன். பிளிம்பிங் தேடி நாலு வீடு போகவேண்டியிருந்தது. என் மனைவி செதில் உரசிவிட்டு, இனிமேல் கடையிலேயே சுத்தம் செய்து வாங்குவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள் என்றாள்.

அப்பாயி ஊருக்கு ஒரு முறை போனேன். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கோட்டை, கடற்கரை, அருங்காட்சியகம் எல்லாம் பார்த்துவிட்டு, வாடகைக் காரில் உள்ளே போய் ஒரு குளத்தங்கரையில் இறங்கினோம். கரையில் பனைகள் நின்றன. டீக்கடையில் இருந்த இளைஞர்களிடம் பனையேறி என்று ஒரு மீன் இந்தக் குளத்தில் உண்டா என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “மீனா சார்? பனையேறி வேணும்னா அதோ உக்காந்திருக்காரு பாருங்க,” என்று ஒரு பெரியவரைக் காட்டினார்கள்.

மார்பில் காய்ப்பு இருந்தது. எழுபதைத் தாண்டியவர். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. “பனையேறிக் கெண்டையா? ஏன் இல்லாம? நல்ல மழ பேஞ்சா ரோட்டுக்கு வருமுங்க. இப்ப எல்லாம் ஜிலேபி கெண்டதான் குளம் முழுக்க,” என்றார். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். மலேசியா என்றேன். அங்கேயும் இந்த மீன் இருக்கிறது, என் பாட்டி இந்தப் பெயரைத்தான் சொல்வார் என்றேன். அவருக்கு அதில் பெரிய வியப்பு இல்லை. “மீனு எங்கதான் இல்ல?” என்றார்.

அது நிஜமாகவே ஏறுமா, ஏறி நீங்கள் பார்த்ததுண்டா என்று கேட்டேன்.

பீடியை அணைத்துவிட்டு மரங்களை அண்ணாந்து பார்த்தார். “எங்கப்பாரு பாத்திருக்காரு. நான் பாக்கலீங்க. அப்ப மேல கள்ளு இருந்துச்சு. இங்க 1987-லயே கள்ளு எறக்கக்கூடாதுன்னு நிறுத்திப்புட்டாங்க. பதனீ எறக்கறதுக்கும் ஆயிரத்தெட்டு சட்டம். நானே ஏறுறத வுட்டுட்டேன். மேல ஒண்ணுமில்லாத மரத்துல அது மட்டும் எதுக்குங்க ஏறும்?”